கழுகுமலையில் வல்லூறு வேட்டை

மதுரையிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், மேலூர் வட்டாரத்தில் இருக்கிறது அரிட்டாபட்டி. ஊரை ஒட்டி ஏழு பாறை மலைகள். அவற்றில் ஒன்றின் பெயர் கழுகுமலை. (கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் கழுகுமலை வேறு!)

பறவை பார்க்க வருகிறவர்கள் விடியும்போதே வந்துவிடுகிறார்கள். முதலில் கண்மாய்க் கரை. கொக்கு, நாரை, மீன்கொத்தி என்று அங்கேயே நேரம் போவது தெரியாது. இந்தப் பகுதியில் மட்டும் சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன.

ஆனால், எல்லோரும் காத்திருப்பது வெயில் ஏறுவதற்குத்தான். பாறை சூடாகி, வெப்பக் காற்று மேலே எழும். அதைப் பிடித்துக்கொண்டு இறக்கை அசைக்காமலே வட்டமடிக்கக் கிளம்பும் வேட்டைப் பறவைகள். ராஜாளிக் கழுகு, லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு மூன்றையும் இங்கே பார்க்கலாம். கறுத்த தலை, செம்பழுப்பு வயிறு என்றால் அது ஷாஹீன். புறாவைக் கண்டு அது செங்குத்தாகப் பாயும்போது கேமராவை எடுப்பது வீண். கண்ணால் பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம்.

எங்கே தேடுவது? பாறைச் சுவரில் சுண்ணாம்பு வழிந்ததுபோல் வெள்ளைக் கறை தெரிகிறதா? பறவைகளின் எச்சம் அது. அதற்கு மேலே உள்ள திட்டில் பைனாகுலரை நிறுத்துங்கள். வல்லூறுகளுக்குக் கூடு கட்டத் தெரியாது. ஷாஹீன் வெறும் பாறைத் திட்டிலேயே முட்டையிடும். அதனால் குளிர்காலத்தில் தொடங்கும் இனப்பெருக்கக் காலத்தில் திட்டுகளின் பக்கம் ஏறவே கூடாது. தாய் பயந்து பறந்துவிட்டால், முட்டை வெயிலில் கிடக்கும்.

மரத்தை வெட்டினால் இன்னொன்று நடலாம். மலையை உடைத்தால்? 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக இங்கே சுமார் 193 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், இந்த மலைகளையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. சுற்றுவட்டார கிராமங்கள் கொதித்தெழுந்தன. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கி நடந்தே போனார்கள். அதே மாதம் 23-ம் தேதி ஏலத்தை ரத்து செய்தது மத்திய அரசு.

மலையில் சமணப் படுக்கைகளும் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி கல்வெட்டும் உண்டு. குடைவரை சிவன் கோயிலும் இருக்கிறது. பத்து மணிக்குள் பார்த்துவிடுங்கள். அதன்பிறகு பாறையில் கால் வைக்க முடியாது.