முன்பே இருந்த நோய்

பெற்றோரை அமெரிக்காவுக்கு அழைக்கும் பிள்ளைகள், விசா நேர்காணலுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட மருத்துவக் காப்பீட்டுக்குக் காட்டுவதில்லை. காரணம் எளிது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு கேட்டே நம்மவர்களுக்குச் சுற்றுலா விசா தருகின்றன. அமெரிக்கா அதைக் கேட்பதில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அங்குள்ள பெரும்பாலான மருத்துவமனைகள் அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பணமில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் பில் பின்னாலேயே வந்துவிடும்.

எழுபத்தோரு வயதான அம்மாவுக்காகப் பாலிசிகளை வாசித்தபோது இரண்டு வகைகள் புரிந்தன. ஒன்று, மருத்துவரைப் பார்க்க இவ்வளவு, ஒருநாள் படுக்கைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகையை மட்டும் தருவது. மீதி நம் தலையில். மற்றது, நாம் முதலில் ஏற்கவேண்டிய பங்கு போக, செலவின் பெரும்பகுதியை உச்சவரம்புவரை ஏற்பது. முன்னது மலிவு. ஏன் மலிவு என்பது மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் தெரியும்.

இரண்டிலும் பொதுவாக இருப்பது 'முன்பே இருந்த நோய்களுக்குப் பொருந்தாது' என்னும் விலக்கு. இருபது ஆண்டுச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு இனிமேல் வரும் எந்த நோயை முற்றிலும் புதியது என்பது? சில பாலிசிகள் ஒரு சலுகை தருகின்றன: பழைய நோய் திடீரென்று, முன்னறிகுறியின்றி முற்றினால், குறித்த வரம்புக்குள் பணம் உண்டு. பலவற்றில் நிபந்தனை, 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். வயது ஏற ஏற அந்த வரம்பும் சுருங்கும்.

இந்த நிபந்தனையை எழுதியவர்கள் எங்கள் அம்மாக்களை அறியாதவர்கள். நெஞ்சு வலித்தால், "வாயுவா இருக்கும்" என்று வெந்நீர் குடித்துவிட்டுப் படுப்பவர் அவர். பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாது என்னும் அந்த மௌனத்துக்கு எந்த நிறுவனமும் காப்பீடு தராது.

தொலைபேசியில் அம்மாவுக்கு விவரங்களை வாசித்தேன். இறந்தவர் உடலைத் தாயகம் அனுப்பும் செலவு பற்றிய வரியை மட்டும் தாண்டிச் சென்றேன். சற்று நேரம் கழித்து அவரே கேட்டார்: "அங்கயே ஏதாவது ஆயிட்டா, ஊருக்குக் கொண்டுவந்துடுவாங்களாப்பா?"

"அதுவும் இருக்கும்மா."

"அப்ப சரி. அதையே போடு."

விரிவான வகையையே எடுத்தேன். வாங்குவோர் உச்சவரம்பு, முதற்பங்கு, பழைய நோய் பற்றிய விதி மூன்றையும் வயதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அவற்றைவிட முக்கியம், வந்திறங்கிய அன்றே பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுவது: இந்த ஊரில் வலியை மறைப்பதுதான் பெரிய செலவு.