ஐந்து இலக்க எண்ணும் ஒரு பிறப்புப் பதிவும்

போன தடவை மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது. பாரிசுக்கு வடக்கே சார்செல்லில் இருக்கிறார்கள். நம் புதுச்சேரிக்காரர்கள் நிறைய பேர் குடியேறிய ஊர். அவர்களிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கோடா ஆக்டாவியா. இண்டிகேட்டர் போடும் தண்டு பழுதாகிவிட்டது. மாப்பிள்ளை பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்தில் அந்தப் பாகத்தை மொத்தமாக வாங்கி வந்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஏர்பேக், ஸ்டியரிங் எல்லாவற்றையும் பிரித்துத் தானே மாற்றினார். தண்டு வேலை செய்தது. ஆனால் மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு எரிய ஆரம்பித்து அணையவே இல்லை.

அது இ.எஸ்.பி. விளக்கு என்றார். ஈர ரோட்டில் வண்டி வழுக்கினால் காப்பாற்றுகிற ஏற்பாடு. நாம் எந்தப் பக்கம் போக நினைக்கிறோம் என்பதை ஸ்டியரிங்கின் கோணம் சொல்லும். வண்டி உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை இன்னொரு சென்சார் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கணினி ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானாக பிரேக் போட்டு வண்டியை வழிக்குக் கொண்டுவரும். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம். கோணத்தை அளக்கும் சென்சார் மாப்பிள்ளை மாற்றிய பாகத்தோடு சேர்ந்தே இருக்கிறது. ஆகவே 'நேர்' என்றால் எது என்று அதற்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கராஜில் கேட்ட தொகை அவருக்குப் பிடிக்கவில்லை. வி.சி.டி.எஸ். என்ற மென்பொருளும் கேபிளும் அவரிடமே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சூப்பர் மார்க்கெட் மூடியிருந்ததால் அதன் கார் நிறுத்துமிடம் காலி. சமதளம். நான் பக்கத்து சீட்டில், மடியில் கணினி. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு துளை சாக்கெட்டில் கேபிளைச் செருகினார். ஸ்டியரிங்கை ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது திருப்பி, 20 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டி, நேராகவே நிறுத்த வேண்டும். எஞ்சினை அணைக்கக் கூடாது. பிறகு பிரேக் கணினிக்குள் போய்ப் பாதுகாப்பு எண்ணைக் கொடுத்தால்தான் அளவுத்திருத்தம் செய்ய அது சம்மதிக்கும்.

"மாமா, 40168 போடுங்க" என்றார்.

போட்டேன். ஏற்றுக்கொண்டது. எனக்கு ஆச்சரியம்தான். கஜானாவில் இரட்டைப் பூட்டு, இரண்டு அதிகாரிகளிடம் இரண்டு சாவி என்று பார்த்துப் பழகியவன். இங்கே ஊருக்கெல்லாம் தெரிந்த ஓர் எண், கதவு திறந்துவிட்டது! புதிய வண்டிகளில் இப்படி இல்லையாம். கணினி ஓர் எண்ணை அனுப்பும், நம் கருவி அதைக் கணக்குப் போட்டுச் சரியான பதில் அனுப்ப வேண்டும். தப்பாகவே பதில் அனுப்பிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரம் பேசவே மறுத்துவிடும். எட்டாம் தலைமுறை கோல்ஃப் போன்றவற்றில் சில வேலைகளுக்குக் கம்பெனியின் சர்வரிடமே அனுமதி வாங்க வேண்டும். இவ்வளவையும் விளக்கிவிட்டு, "இப்ப 060 போட்டு அமுத்துங்க" என்றார்.

நான் அமுத்தவில்லை.

நேராக ஓட்டி வந்தபோது ஸ்டியரிங் கம்பி லேசாக வலது பக்கம் சாய்ந்திருந்தது. நிறுத்திய பிறகு அவர் கையால் அதை நேராக்கினார். சொன்னேன். "கண்ணுக்கு நேராத்தானே இருக்கு மாமா" என்றார், கொஞ்சம் எரிச்சலுடன். குளிர் வேறு. இறங்கிப் போய் முன் சக்கரங்களைப் பார்த்தேன். ஒரு துளி திரும்பித்தான் இருந்தன.

அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தவர் எங்கள் ஆபீஸ் பியூன்.

1978 வாக்கில் என்று நினைக்கிறேன். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பழைய 'எத்தா சிவில்' பதிவுகளைப் படித்து இங்கிலீஷில் எழுதித் தரும் வேலை என் தலையில்தான். அவருடைய பிறப்புப் பதிவில் ஏட்டின் ஓரம் பூச்சி அரித்திருந்தது. மாதத்தின் பெயரில் முதல் மூன்று எழுத்துதான் மிச்சம். அது 'ழுவேன்', அதாவது ஜூன் ஆகவும் இருக்கலாம், 'ழுயே', அதாவது ஜூலை ஆகவும் இருக்கலாம். பிரெஞ்சு முறையில் எல்லாப் பதிவுக்கும் இரண்டு பிரதி உண்டு. ஒன்று மேரியில், இன்னொன்று நீதிமன்றத்தில். நடந்து போனால் பத்து நிமிஷம். நான் போகவில்லை. ஜூன் என்று எழுதி, 'சரிபார்க்கப்பட்டது' முத்திரையைக் குத்திக் கையெழுத்தும் போட்டேன். முத்திரை என்னிடம் இருந்தது, போதாதா? பிறந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஜூன் 30 அன்று மாலை போட்டு அனுப்பினோம். அதற்கப்புறம் அவர் பையன் நீதிமன்றப் பிரதியைத் தேடி எடுத்து வந்தான். ஜூலை. ஒரு மாதச் சம்பளம் போனது போனதுதான். ஓய்வுக்குப் பிறகு திருத்த வழியில்லை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. தீபாவளிக்குக்கூட எப்போதும்போல் வீட்டுக்கு வந்தார். அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

இதை அப்போது மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. "நீங்க ஸ்டியரிங்கைத் திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாமே?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே மெதுவாக மறுபடி ஓட்டிப் பார்த்தார். கையை லேசாக விட்டார். வண்டி நேராகப் போனது, ஸ்டியரிங் சாய்ந்தே இருந்தது. அப்படியே 060 அமுத்தியிருந்தால் அந்தச் சின்னக் கோணலையே நேர் என்று எழுதிக்கொண்டு விளக்கு அணைந்திருக்கும். மழையில் நெடுஞ்சாலையில் போகும்போது, கணினி நேர்ச்சாலையையே வளைவு என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

கேபிளைப் பிடுங்கிவிட்டு வீடு திரும்பினோம். திங்கள்கிழமை வேலைக்கு வண்டி வேண்டும் என்று மகள் சத்தம் போட்டாள். "சும்மா இருந்த மனுஷனையும் கெடுத்துட்டீங்களேப்பா" என்று எனக்கும் சேர்த்து விழுந்தது. ஒரு வாரம் ரயிலில் போனாள்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி பேட்டரியைக் கழற்றி, ஏர்பேக்கை எடுத்து, தண்டிலும் ஸ்டியரிங்கிலும் இருந்த புள்ளி அடையாளங்களைப் பொருத்தி மாட்டினார். இந்தத் தடவை நேராக வந்து நின்றபோது யாரும் கை வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை. எண்ணைப் போட்டேன், 060 அமுத்தினேன். விளக்கு அணைந்தது. கோணம் காட்டும் 004 பகுதியைத் திறந்து பார்த்தேன். பூஜ்யத்தை ஒட்டி நின்றது. மாப்பிள்ளை இறங்கிப் போய், நான் சொல்லாமலே, முன் சக்கரங்களைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் மகள் ஓட்டினாள். நேர்ச்சாலையில் நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ரோட்டைப் பாருங்க" என்றாள்.