பீப்பாவா? போத்தலா?

ஒரு பண்டத்தை ஆக்குவதிலும் அதனைப் பேணி வைப்பதே அரிது என்பதை ஊறுகாய்ச் சாடி வைத்திருக்கும் எந்த இல்லத்தரசியும் அறிவார். நாம் அதனைக் கற்றது ஊறுகாயில் அன்று, பியரில். வாசகர் முகஞ்சுளிக்க வேண்டாம். மதுவின் புகழ் பாட நாம் வரவில்லை.

1978இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மாணவராய் இருந்தபோது, ஒரு முதியவரின் வீட்டு மாடியறையில் வாடகைக்குக் குடியிருந்தோம். அந்நாட்டில் சொந்தப் பாவனைக்குப் பியர் காய்ச்சுவோரும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றிருந்த விதி 1963இல் நீக்கப்பட்டது. அதன்பின் பலருக்கு அது ஒரு பொழுதுபோக்காயிற்று. எமது முதியவரும் அவர்களுள் ஒருவர்.

முளைகட்டி உலர்த்திய பார்லியின் சாற்றை ஹொப்ஸ் என்னும் கைப்புப் பூவுடன் கொதிக்க வைத்து, ஆறியபின் மதுவம் இடுவார். மதுவம் சாற்றின் இனிப்பை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் தரும். நொதித்து முடிந்த 5 கலன் பியரை எதில் வைப்பது என்பதே அடுத்த கேள்வி.

பீப்பா என்பது அங்கே குழாய் பொருத்திய தடித்த பிளாஸ்டிக் கலம். ஒன்றைக் கழுவி, 3 அவுன்ஸ் சீனி இட்டு மூடினால் போதும். வாயு மிஞ்சினால் மூடியிலுள்ள வால்வு வெளியே விட்டுவிடும். ஆயின் குழாயைத் திறந்து இறக்கத் தொடங்கி உள்ளே காற்றுப் புகுந்துவிட்டால், சில வாரங்களிற் சுவை கெடும். போத்தல் என்றாலோ நாற்பதையும் தனித்தனியே கழுவி, அரைத் தேக்கரண்டி சீனி இட்டு, தகர மூடி அடிக்கவேண்டும். ஆனால் ஒன்றைத் திறப்பதால் மற்றவை கெடா; மாதக்கணக்கில் இருக்கும்.

முதியவர் நெடுங்காலம் பீப்பாக்காரர். மனைவி இருந்தபோது சனிக்கிழமைகளில் அயலார் கூடுவர். பத்து நாளிற் பீப்பா வெறுமையாகும். மனைவி மறைந்தபின் அயலார் வருகை குறைந்தது. காய்ச்சும் அளவு குறையவில்லை. கெடுமுன் தீர்க்கவேண்டுமென்று அவர் தனியே இருந்து குடிக்கலானார். ஒருநாட் காலை, “எவ்வளவு இறக்கினேன் என்று எனக்கே தெரிவதில்லை. போத்தலானால் எண்ணலாம்” என்றார்.

போத்தல் கழுவும் வேலை எமதாயிற்று. நீரமானி பார்க்கும் வேலையும் எமதே. இனிப்புக் குறையக் குறைய அதன் அளவு இறங்கும். இரண்டு நாள் ஒரே அளவு நின்றால்தான் நொதித்தல் முடிந்ததென்று கொண்டு போத்தலில் அடைக்கலாம். முதல் நாள் 1.014 என்று கண்டோம். மறுநாள் பரீட்சைப் படிப்பிற் பார்க்க மறந்தோம். அவர் கேட்டபோது, “அதே அளவுதான்” என்று சொல்லிவிட்டோம்.

ஐந்தாம் நாள் இரவு மாடிப்படியின் கீழிருந்த அலுமாரியில் வெடிச் சத்தம். ஏழு போத்தல்கள் சிதறின. கண்ணாடித் துண்டொன்று கதவுப் பலகையிலே குத்தி நின்றது. ஒரு நாழிகைக்கு முன்புதான் அவர் அங்கே குனிந்து சப்பாத்து எடுத்திருந்தார்.

நடுக்கத்தோடு உண்மையைச் சொன்னோம். அவர் ஏசவில்லை. கையுறை அணிந்து, தடித்த கம்பளியால் மூடி, எஞ்சிய போத்தல்களின் மூடிகளை ஒவ்வொன்றாய்த் தளர்த்தினார். “பீப்பா பிழை பொறுக்கும், போத்தல் பொறுக்காது” என்று மட்டும் சொல்லி, விளக்குமாற்றை எம்மிடம் தந்தார்.

மீண்டும் பீப்பாவுக்கே போகலாமே என்றோம். அவர் உடன்படவில்லை. அடுத்த முறையும் போத்தல்தான். நீரமானியை இரண்டு நாளும் பார்த்தோம். இரண்டு நாளும் எழுதி வைத்தோம். இரவுக்கு ஒரு போத்தல் என்ற கணக்கில் அவரும் நின்றார்.

1980இல் நாம் ஊர் திரும்புவதற்கு ஒரு மாதம் இருக்கையில், அவர் பரணிலிருந்து பீப்பாவை இறக்கினார். ஏனென்று கேட்டோம்.

“உன்னை வழியனுப்ப ஆட்கள் வருவார்கள் அல்லவா?” என்றார்.

வந்தார்கள். தனித்தவருக்குப் போத்தல், பலர் கூடும் வீட்டுக்குப் பீப்பா என்பது அன்று எமக்கு விளங்கிற்று. விடியுமுன் பீப்பா வெறுமையாயிற்று. நாமும் பருகினோமா என்று வாசகர் கேட்க வேண்டாம். மறுநாள் அதனைக் கழுவியவர் நாமே.