துவக்குக் குழலின் கசடும் பரக்பூர் மைதானமும்

கல்கத்தா மாநகரைக் காணச் செல்வோர் காளி கோயிலையும் விக்டோரியா மண்டபத்தையும் ஹௌரா பாலத்தையும் கண்டு திரும்புவது வழக்கம். நகருக்கு வடக்கே, ஹூக்ளி நதியின் கீழ்க்கரைப் பக்கமாக ஓடும் புகையிரதப் பாதையில் ஒரு நாளைக் கழிப்போர் மிகச் சிலரே. நாம் அப்பாதையிற் சென்றது ஓர் அற்பப் பொருளின் வரலாற்றை நாடியாகும். அப்பொருள், பழைய துவக்குகளின் குழலினுள்ளே படிந்த கரிக்கசடு. படைவீரர் அன்றாடம் கழுவித் துடைத்த அந்த அழுக்குக்கும் 1857ஆம் ஆண்டின் பெருங் கிளர்ச்சிக்கும் தொடர்பு உண்டு என்பதை மாணவர் பலர் அறியார்.

சியால்டா நிலையத்திற் புகையிரதம் ஏறினால் டம்டம், பரக்பூர், இச்சாப்பூர் ஆகிய மூன்று ஊர்களும் ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நாம் பாதையின் ஒழுங்கை விட்டு வரலாற்றின் ஒழுங்கைப் பின்பற்றி, தொலைவிலுள்ள இச்சாப்பூருக்கே முதலிற் சென்றோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பனியார் அங்கே வெடிமருந்துச் சாலை ஒன்றை நிறுவினர். அக்காலத்திற் பீகார் நாட்டு மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்த வெடியுப்பு, கங்கை வழியே படகுகளில் வங்காளத்துக்கு வந்துகொண்டிருந்தது. மருந்துச் சாலை மறைந்த பின்னர், 1904ஆம் ஆண்டில் அவ்வூரிலே துவக்குத் தொழிற்சாலை எழுந்தது. மதிலுக்கு வெளியே நின்று நதியைப் பார்த்தவாறு பழைய நாட்களை எண்ணிப் பார்க்கலாமே யன்றி, உள்ளே செல்லுதல் இயலாது.

அக்காலத்து வெடிமருந்து, நூறு பங்கில் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற அளவிற் கலந்தது. அது எரியும்போது பாதிக்கும் குறைந்த பங்கே வாயுவாக மாறிக் குண்டை உந்துகிறது. எஞ்சியது திண்மப் பொருள். அதில் ஒரு பகுதி வெண்புகையாக வெளியேற, மற்றது குழலின் உட்சுவரிலே படிகிறது. கரியும், பொட்டாசிய உப்புக்களும், கந்தகச் சேர்க்கைகளும் கலந்த இக்கசடு வறண்ட வெயிலில் ஓடுபோல இறுகிவிடும்; ஈரக்காற்றில் நீரை உறிஞ்சிக் கசிந்து இரும்பை அரிக்கும். வாய்வழியாக மருந்தும் குண்டும் இடும் துவக்கிலே, ஒவ்வொரு புதிய குண்டும் முந்திய வெடிகள் விட்டுச் சென்ற கசடு முழுவதையும் கடந்தே அடிக்குச் செல்லவேண்டும். பல வெடிகளின் பின் குண்டு பாதி வழியில் நின்றுவிட்டால், பகைவன் எதிரே நிற்க, வீரன் கையிலிருப்பது வெறும் இரும்புத் தடியே.

இக்கசட்டை நீக்கும் முறை எளிது. ஆயினும் பொறுமை வேண்டுவது. எண்ணெயை ஊற்றித் தேய்த்தாற் போதும் என்று நினைப்பது தவறு. கசட்டின் பெரும்பகுதி உப்பு. உப்பு எண்ணெயிற் கரையாது; நீரிற் கரையும். ஆகவே முதலிற் குழலில் மருந்து இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கோலை உள்ளே விட்டு அளந்து, அதே கோலைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்தால் அது அடிவரை சென்றதா என்பது விளங்கும். பின்னர் அடியிலுள்ள தீத்துளையை அடைத்து, வெதுவெதுப்பான நீரை வார்த்துச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். வெளியே கொட்டும்போது மைபோன்ற நீரும் அழுகிய முட்டையின் நாற்றமும் வரும். அந்நாற்றம் கந்தகச் சேர்க்கைகளின் அடையாளம். கோலின் நுனியிற் சணல் நாரையோ துணியையோ சுற்றி மேலும் கீழும் இழுத்து, நீர் தெளிந்து வரும்வரை இவ்வாறே செய்யவேண்டும்.

குழலின் அடியிலே, மருந்து எரியும் இடத்தில், வளையம்போல இறுகும் கசடு எளிதில் விடாது. அதனை உருக்குக் கம்பியாற் சுரண்டினாற் குழலின் உட்புறம் கீறுபடும். கீறிய இடத்திற் கசடு மேலும் பற்றும். மறுபடியும் நீரில் ஊறவைத்து வெண்கலத் தூரிகையால் தேய்ப்பதே தக்கது. குண்டிலிருந்து ஒட்டிய ஈயம் மட்டும் நீருக்கு அசையாது. அதனைத் தேய்த்தே எடுக்கவேண்டும். இறுதியில் ஈரம் சிறிதும் இல்லாமல் துடைத்து உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் பூசவேண்டும். நீர் கசட்டைப் போக்கும். எண்ணெய் துருவைத் தடுக்கும்.

பாசறையில் இவ்வாறு கழுவலாம்; போர்க்களத்தில் நீருக்கும் நேரத்துக்கும் எங்கே போவது? இவ்வினாவுக்குக் கண்ட விடைதான் எம்மை டம்டமுக்கு அழைத்துச் சென்றது. இன்று விமான நிலையத்தால் அறியப்படும் அவ்வூர், ஒரு காலத்தில் வங்காளப் பீரங்கிப் படையின் தலைமையிடம். பழைய துவக்கின் குழல் வழுவழுப்பானது. குண்டோ குழலினும் மிகச் சிறியது. ஆகவே கசடு படிந்தாலும் குண்டு உருண்டு இறங்கும். ஆனாற் குறி தவறும். 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு துவக்கின் குழலிலே மூன்று சுரிப்பள்ளங்கள் இருந்தன. அதன் குண்டு குழலோடு ஏறக்குறைய ஒட்டிச் செல்வது. சிறிது கசடும் அதற்குத் தடையாகும். எனவே குண்டைச் சுற்றிய தாளின்மேற் கொழுப்பும் மெழுகும் தடவினர். ஒவ்வொரு குண்டும் இறங்கும்போது அப்பூச்சு முந்திய வெடியின் கசட்டை இளக்கி வழிவிடச் செய்தது.

தோட்டாவின் நுனியைப் பல்லாற் கடித்து மருந்தைக் குழலிற் கொட்டுவது அக்கால வழக்கம். 1857 ஜனவரியில், புதிய துவக்கைப் பயிற்றும் டம்டம் நிலையத்திலே, தாழ்த்தப்பட்ட குலத்துத் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் செம்பு நீர் கேட்டாராம். சிப்பாய் மறுக்கவே, பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசிய தோட்டாவைக் கடிக்கப் போகும் உமக்குக் குலம் எங்கே நிற்கும் என்று அவர் கேட்டார் என்பது வரலாறு. எந்த விலங்கின் கொழுப்பு வாங்கப்படுகிறது என்று அதிகாரிகள் கவனித்திருக்கவில்லை. ஆதலால் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே கொண்ட ஐயத்தை அவர்களால் நேர்மையுடன் மறுக்க இயலவில்லை.

அங்கிருந்து பரக்பூருக்குச் சென்றோம். அங்கே தளபதியாயிருந்த ஹியர்சி, சிப்பாய்களே கடைவீதியிற் பொருள் வாங்கித் தம் தோட்டாக்களுக்குப் பூசிக்கொள்ளட்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். அரசாங்கமும் அதற்கு இசைந்தது. பின்னர், பல்லாற் கடியாமற் கையாற் கிழிக்கலாம் என்றும் விதி மாற்றப்பட்டது. இரண்டும் நல்ல ஆணைகளே. ஆனாற் காலம் கடந்தவை. பெப்ரவரியில் நடந்த விசாரணையிலே சிப்பாய்கள் தோட்டாத் தாளின் பளபளப்பையே ஐயுற்றனர். மார்ச் 29ஆம் நாள் 34ஆம் காலாட்படையின் மங்கள் பாண்டே அணிவகுப்பு மைதானத்தில் துவக்கை ஏந்தினார். ஏப்ரல் 8ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். மீரட்டிலே தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரைவீரருக்கு விலங்கு பூட்டப்பட்ட மறுநாள், மே 10ஆம் நாள், கிளர்ச்சி மூண்டது.

கிளர்ச்சிக்குக் கொழுப்பு ஒன்றே காரணம் என்று கூறுவது பொருந்தாது. 1856இல் அயோத்தி அரசைக் கம்பனி இணைத்துக்கொண்டதும், கடல்கடந்து பணிபுரியப் புதிய சிப்பாய்களைக் கட்டாயப்படுத்திய அவ்வாண்டுச் சட்டமும் உள்ளங்களிற் படிந்து இறுகியிருந்தன. துவக்கின் கசட்டை இளக்க நுட்பமாக வழி தேடியவர்கள், அத்துவக்கை ஏந்தும் மனிதரின் உள்ளத்தை ஒருமுறை கேட்டறிய முற்படவில்லை.

பரக்பூரில் நதிக்கரையோரம் மங்கள் பாண்டேயின் பெயரால் ஒரு பூங்கா அமைந்துள்ளது. மரநிழலிற் குடும்பங்கள் அமர்ந்திருக்க, குழந்தைகள் ஓடி விளையாடுவதைக் கண்டோம். கல்கத்தா செல்லும் மாணவர் அரைநாளையேனும் இவ்வூருக்கு ஒதுக்குவாராக. சியால்டாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மாலையில் நதிக்காற்றும் இனியது.