முதலில் கடை, அப்புறம் டிராயிங்

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு பேரிங் வண்டியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஒரு பலகை, அடியில் இரண்டு கட்டை, ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் கெஞ்சி வாங்கிய தேய்ந்த பேரிங் மூன்று. அவ்வளவுதான் வண்டி. சரிவான சிமெண்ட் ரோட்டில் விட்டால் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். பிரேக்? குதிகால்தான்.

அந்தப் பையனே என்ஜினியரிங் சேர்ந்து, "ரேஸ் கார் கட்டப் போறோம்" என்று கிளம்பினால் திரும்பவும் பேரிங்குக்குத்தான் அலைய வேண்டும். என்ன, இந்த முறை இனாமாகக் கிடைக்காது :-)

மாணவர்களே வடிவமைத்து, மாணவர்களே கட்டி, மாணவர்களே ஓட்டும் ரேஸ் கார் போட்டி 1981ல் அமெரிக்காவில் 'ஃபார்முலா எஸ்.ஏ.இ.' என்ற பெயரில் தொடங்கியது. அதன் வழியில் வந்த நம்ம ஊர் போட்டிகளில் ஒன்று 'ஃபார்முலா பாரத்'. சமீப ஆண்டுகளில் கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்திருக்கிறது. ஃபார்முலா எஸ்.ஏ.இ. கணக்குப்படி மொத்தம் 1000 மதிப்பெண். இதில் 325 மதிப்பெண் கார் ஒரு அடி நகராமலே கிடைப்பது. டிசைனுக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வியாபாரத் திட்டத்துக்கு 75. அதாவது பி.காம். படிப்பவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது!

சரி, பேரிங்குக்கு வருவோம். தென்காசியில் ஒரு அணி கார் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன நடக்கும்? முதலில் கம்ப்யூட்டரில் முழுக் காரையும் வரைவார்கள். சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட், அதற்குள் சுழலும் ஹப் எல்லாம் எடை குறைவாக, பார்க்க அழகாக இருக்கும். கேட்லாக்கைப் புரட்டி ஒல்லியான ஒரு பேரிங் நம்பரை அதில் போட்டுவிடுவார்கள். அப்ரைடை லேத்திலும் மில்லிங்கிலும் கடைந்து முடித்த பிறகுதான் பேரிங் வாங்கக் கடைக்குப் போவார்கள்.

கஷ்டம் அங்கே ஆரம்பிக்கிறது.

பேரிங் நம்பரைப் படிப்பது சுலபம். 6205 என்றால், 6 பந்து பேரிங் வகை. 2 அளவு வரிசை. கடைசி 05ஐ 5ஆல் பெருக்கினால் 25. அதுதான் உள் துளை, மில்லிமீட்டரில். வெளி விட்டம் 52, அகலம் 15. 6305க்கும் உள் துளை அதே 25தான், ஆனால் வெளி விட்டம் 62, அகலம் 17. எந்தக் கம்பெனி செய்தாலும், எந்த நாட்டில் வாங்கினாலும் இந்த அளவு மாறாது. பின்னால் 2ஆர்.எஸ். என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. இசட்.இசட். என்றால் தகர மூடி.

6205 கேட்டால் சின்ன ஊரிலும் பெரும்பாலும் உடனே எடுத்துத் தருவார்கள். காரணம், அது மோட்டாரிலும் பம்பிலும் ஓடுகிறது. தென்காசிக் கடைக்காரர் யாருக்காகச் சரக்கு வைக்கிறார்? அரிசி மில், மர அறுவை மில், கிணற்று மோட்டார், டிராக்டர், பைக், குற்றாலம் சீசனில் ஓயாமல் ஓடும் ஆட்டோ, வேன். இவர்களுக்காகத்தான். கார் அணி கேட்பதோ 61814. உள் துளை 70, வெளி விட்டம் 90, அகலம் வெறும் 10. இதே 70 துளைக்கு 6214 வாங்கினால் வெளி விட்டம் 125, அகலம் 24! ஒல்லியானது ரேஸ் காருக்கு அருமை. ஆனால் வருடத்துக்கு ஒரு அணி மட்டும் கேட்கும் பொருளில் எந்த வியாபாரி பணத்தை முடக்குவார்? "சொல்லி வச்சா வரும் தம்பி" என்பார். மதுரை, கோவை, சென்னை ஜி.பி. ரோடு என்று போன் பறக்கும். போட்டித் தேதியோ காத்திருக்காது.

இந்த நேரத்தில்தான் ஆபத்தான யோசனை ஒன்று வரும். "பிரபல கம்பெனி டப்பா, பாதி விலை, நாளைக்கே கிடைக்கும்." போலி பேரிங் ஒன்றும் கற்பனை அல்ல. அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே எஸ்.கே.எஃப். நிறுவனம் ஒரு செயலி வைத்திருக்கிறது. ஆனால் அணியில் ஒருவர் கணக்குப் போட்டு வாதாடுவார். "போட்டியில் நீண்ட ஓட்டமே சுமார் 22 கிலோமீட்டர். 18 அங்குல டயருக்கு ஏறக்குறைய 15,300 சுற்று. பேரிங்கின் சுமை அளவு 10 லட்சம் சுற்றுக்குச் சொன்னது. எதைப் போட்டாலும் தாங்கும்!"

கணக்கு சரி. முடிவுதான் தப்பு. அந்தச் சுமை அளவே, 100 பேரிங்கில் 90 தாங்கும் என்ற கணக்கில், அளவும் இரும்பும் சரியாக உள்ள பேரிங்குக்குச் சொன்னது. அதிலும் பந்து பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்துக்கு வருவது நேர் ரோட்டுச் சுமை அல்ல. போலியில் இரும்பு என்ன, பதம் என்ன என்று யாருக்கும் தெரியாது. உள்ளே ஓட்டுபவர் கூடப் படிக்கும் நண்பர்.

நல்ல பேரிங் வாங்கினாலும் கெடுக்க வழி உண்டு. ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தைத்தான் அழுத்த வேண்டும். வெளி வளையத்தில் சுத்தியலால் அடித்தால் அடி பந்துகள் வழியாகப் போய் பாதையில் குழி விழும். சாரல் காலத்தில் எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து மேஜையில் போட்டால் வியர்வைக் கைரேகையே துருவாகும். மாட்டும் வரை பிரிக்காமல் இருப்பது உத்தமம்.

அப்படியானால் வழி? வரிசையை மாற்றுவதுதான். எந்த பேரிங் எத்தனை நாளில், என்ன விலையில், பில்லோடு கிடைக்கும் என்று முதலில் விசாரித்து, வாங்கி, அளந்து, அதைச் சுற்றி அப்ரைடை வரைய வேண்டும். கொஞ்சம் எடை கூடும். கூடட்டும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே முன்னுதாரணம் உண்டு. அந்த ஸ்பீட்வேக்குப் பெயர் தந்த கோவை கரிவர்தன் (1954–1995) உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார், ஊரெல்லாம் ஓடிய மாருதி 800ன் என்ஜினை வைத்துக் கட்டியது. 2005ல் ஃபார்முலா ஒன்னில் நுழைந்த நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியதும் அந்தக் காரைத்தான். கைக்குக் கிடைப்பதை வைத்துக் கட்டுவது மட்டமான வேலை இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

செலவுப் பட்டியலில் பேரிங் ஒரே ஒரு வரி. பெயர், எண்ணிக்கை, விலை. பக்கத்தில் "எத்தனை நாளில் கிடைக்கும்" என்று இன்னொரு கட்டம் போட்டுப் பாருங்கள். எந்த பேரிங் உண்மையில் மலிவு என்று அப்போது தெரியும்.