துரையப்பா விளையாட்டரங்கு

யாழ்ப்பாணக் கோட்டையின் அயலிலே, முற்றவெளிக் காற்று தடையின்றி வந்து மோதும் இடத்தில் துரையப்பா விளையாட்டரங்கு அமைந்துள்ளது. 1975ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட நகரபிதா அல்பிரட் துரையப்பாவின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. உதைபந்தாட்டமென்ன, ஓட்டப் போட்டியென்ன, எல்லாவற்றுக்கும் இடங்கொடுத்த அரங்கு அது.

போர்க்காலத்திலே பாழ்பட்டது. 1999ஆம் ஆண்டு திருத்த வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அச்செய்தியைக் கேட்ட நாள் முதலாக அப்பக்கம் போவதையே நாம் தவிர்த்து வந்தோம். எம்முடைய ஒழுங்கையிலும் வீடு திரும்பாத பிள்ளைகள் உளர்.

இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பெற்று, 2016 ஜூன் 18ஆந் திகதி அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது. சர்வதேச யோகா தினத்தையொட்டிப் பெருந்திரளானோர் அங்கே ஆசனம் பயின்றனர். அதற்கும் நாம் போகவில்லை.

பின்னொருநாள் எம் பேரன் அஞ்சலோட்டத்தில் ஓடுவதாகச் சொல்லி வற்புறுத்தி அழைத்தான். மறுக்க மனம் வரவில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம்.

"அம்மம்மா, ஏன் வெறுங்காலோடு வருகிறீர்கள்?" என்றான்.

செருப்புக் கடிக்கிறது என்று கூறிவிட்டோம்.

அவனுடைய குழு இரண்டாவதாக வந்தது.