மன்றோ சிலை முதல் கத்திப்பாரா வரை

சென்னைத் தீவுத்திடல் ஓரம் குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோவைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்பினால் கூவத்தின் மேல் பெரியார் பாலம். தாண்டியதும் சிம்சன், பெரியார் சிலை. இங்கிருந்து அண்ணா சாலை வழியே கத்திப்பாரா வரை நிதானமாக மிதித்தாலும் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். மேடென்று சொல்லிக்கொள்ள மேம்பாலங்களும் சின்னமலைப் பக்கத்து ஏற்றமும்தான். கியர் இல்லாத பழைய சைக்கிளே போதும். நிலம் இவ்வளவு தோதாக இருந்தும், தினம் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர் அண்ணா சாலையில் ஓரத்தோடு ஓரமாக ஒடுங்கித்தான் போகிறார்.

ஒரு சாலை சைக்கிளுக்கு ஏற்றதா என்று அளக்க முறைகள் இருக்கின்றன. சான் ஹோசே நகரத்தை வைத்து மெகூரியா, ஃபர்த், நிக்சன் என்ற மூவர் 2012இல் வெளியிட்ட ஆய்வு சாலைகளை நான்கு படிகளாகப் பிரித்தது. முதல் படியில் பிள்ளைகளைத் தனியே அனுப்பலாம். நான்காம் படியில் துணிந்தவர் மட்டுமே இறங்குவார். எத்தனை தடங்கள், வண்டிகளுக்கு என்ன வேகம், சைக்கிளுக்குத் தனி இடம் உண்டா என்று பார்த்து மதிப்பிடுகிறார்கள். இந்த அளவுகோலின்படி அண்ணா சாலை முழுவதுமே நான்காம் படிதான். அதனால் அந்த எண் நமக்கு அதிகம் உதவாது. அந்த ஆய்வில் நான் பெரிதாக மதிப்பது வேறொரு விதி. ஒரு வழியின் தரத்தைச் சராசரி தீர்மானிப்பதில்லை, அதிலேயே மிக மோசமான துண்டுதான் தீர்மானிக்கிறது. எட்டுக் கிலோமீட்டர் சுகமாகப் போய், இருநூறு மீட்டரில் உயிர் பதறினால், மறுநாள் அந்த மனிதர் சைக்கிளை எடுக்கமாட்டார்.

அப்படிப் பார்த்தால் அண்ணா சிலையிலிருந்து எல்.ஐ.சி., ஸ்பென்சர் வரையிலான பகுதி, நெரிசல் இருந்தும், அவ்வளவு மோசமில்லை. சிக்னல்கள் அடுத்தடுத்து வருவதால் பகலில் எந்த வண்டியும் பெரிய வேகம் எடுக்க முடியாது. தொல்லை பஸ் நிறுத்தங்களில்தான். பஸ் இடப்பக்கம் ஒதுங்கும்போது அதற்கும் நடைபாதைக்கும் நடுவே மாட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வலப்பக்கம் விலகிப் பைக்குகளின் ஓட்டத்தில் கலக்க வேண்டும். பின்னிரவில் இதே சாலை காலியாகிவிடும். அப்போது வண்டிகள் பறக்கும். டீ டிரம்மைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகிறவருக்கும் இரவுப் பணி முடித்து வரும் காவலாளிக்கும் வெறுமையான சாலைதான் அதிக ஆபத்து. பகலில் மட்டும் எடுக்கும் கணக்கெடுப்பில் இவர்கள் விழமாட்டார்கள்.

ஜெமினியில் 1973இல் கட்டிய அண்ணா மேம்பாலம். மேலே ஏறினால் ஏற்றத்தில் நம் வேகம் குறையும், பின்னால் வருகிறவர்களின் வேகம் குறையாது. கீழே போனால் கதீட்ரல் சாலைக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் திரும்பும் வண்டிகளை வெட்டிக் கடக்க வேண்டும். ஆனால் இங்கே தப்பிக்க வழி உண்டு. ராயப்பேட்டையின் உள்தெருக்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம். இப்படிச் சுற்றிப்போக வழி இருப்பதா இல்லையா என்ற வேறுபாடு முக்கியமானது.

தேனாம்பேட்டையில் தியாகராய சாலை வந்து சேர்கிறது. அதன் வழியே போனால் பாண்டி பஜார். 2019இல் அங்கே வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கினார்கள். வியாபாரம் இன்றும் நடக்கிறது. சென்னை மாநகராட்சிதான் 2014இல் தன் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாகக் கொள்கை வகுத்தது. அந்தக் கொள்கை அண்ணா சாலைக்கு வந்து சேரவில்லை. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டருக்கு, மெட்ரோ சுரங்கத்துக்கு மேலேயே, உயர்மட்டச் சாலை கட்டும் வேலை 2024இல் தொடங்கியது. நிற்காமல் போகும் வண்டிகள் மேலே ஏறிவிட்டால் தரையில் இடம் மிஞ்சும். அந்த இடத்தில் சைக்கிளுக்குத் தடுப்போடு கூடிய தனித்தடம் போட வேண்டும். நிறுத்திவைத்த கார்கள் அதைப் பிடித்துக்கொண்ட பிறகு கேட்டால் கிடைக்காது.

அடுத்து அடையாறு. 1726இல் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் சொந்தப் பணத்தில் இங்கே ஒரு பாலம் கட்டினார், பரங்கிமலைக்குப் போகும் பக்தர்கள் ஆற்றைக் கடக்க. நடந்து போனவர்களுக்காக எழுந்த பாலம் அது. அதன் இடத்தில் வந்ததுதான் 1966இன் மறைமலையடிகள் பாலம். ஜெமினியைச் சுற்றிப் போகலாம், இதைச் சுற்றிப் போக முடியாது. அடுத்த பாலத்துக்குக் கோட்டூர்புரம் பக்கமோ ஜாபர்கான்பேட்டை பக்கமோ விலகிப் போயாக வேண்டும். அந்தச் சுற்று பைக்கில் போகிறவருக்குச் சில நிமிடம், மிதிக்கிறவருக்கு முழங்கால் வலி. சைதாப்பேட்டையிலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் தொழிலாளிக்கு இதுதான் வழி. பாலத்தின் மேல் ஒதுங்க இடமில்லை; ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர், மறுபக்கம் பஸ். என் கணக்கில் அண்ணா சாலையின் மதிப்பெண்ணை இந்தப் பாலம்தான் தீர்மானிக்கிறது.

பாலம் தாண்டினால் சின்னமலை, ஹால்டா. அங்கே இடதுபுறம் சர்தார் படேல் சாலை பிரிகிறது. அடையாறு பகுதிக்குத் திரும்பும் வண்டிகள் வேகம் குறைக்காமல் இடதுபக்கம் பாயும். நேரே போக வேண்டிய சைக்கிளோ இருப்பதே இடது ஓரத்தில். தொழிற்பேட்டைக்குப் போகிறவர் இதற்குப் பிறகு சாலையின் முழு அகலத்தையும் வலப்பக்கமாகக் கடக்க வேண்டும். சைக்கிள்களுக்கு முதலில் பச்சை விழும்படி சிக்னலை மாற்றினால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

கத்திப்பாரா 2008இல் திறந்த குளோவர் இலை வடிவ மேம்பாலம். எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்பதே அதன் வடிவமைப்பு. ஒவ்வொரு வளைவிலிருந்தும் வண்டிகள் வந்து கலந்துகொண்டே இருக்கும். நேரே ஆலந்தூர் பக்கம் போகும் சைக்கிள் ஒவ்வொரு வாயையும் தன் துணிச்சலை நம்பிக் கடக்க வேண்டும். இங்கே வண்ணம் அடித்த கோடு பயன்படாது. வளைவுகளுக்குக் கீழே தரைமட்டத்தில், விளக்கோடும் கூரையோடும் தொடர்ச்சியான ஒரு பாதை வேண்டும். மறைமலையடிகள் பாலத்துக்கு அடுத்து முதலில் பணம் போட வேண்டிய இடம் இதுதான்.